டெக்சாஸில் ஒரு கன்ட்ரி இசை இரவு: முதல் முறை போகிறவர்களுக்கு

வேலைக்கோ படிப்புக்கோ டெக்சாஸ் வந்து சேர்ந்த நம்மவர்களில் பலர் ஐந்தாறு வருடம் இங்கே இருந்தும், அமெரிக்கத் தென்மாநிலக் கிராமங்களில் பிறந்த கன்ட்ரி இசையை மளிகைக் கடையிலும் வாடகைக் காரிலும் மட்டுமே கேட்டிருப்பார்கள். ஆசைப்பட்டவர்கள் ஒரு பெரிய பாடகர் ஊருக்கு வரும்போது ஸ்டேடியத்துக்கு டிக்கெட் வாங்கி, மேல் வரிசையில் உட்கார்ந்து, திரையில் பார்த்துவிட்டு வருவார்கள். என்னைக் கேட்டால் தொடங்க வேண்டிய இடம் அது இல்லை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஏதோ ஒரு பாரில், வியாழக்கிழமை ராத்திரி, நாலைந்து பேர் சேர்ந்த உள்ளூர்க் குழு ஒன்று வாசித்துக்கொண்டிருக்கும். முதலில் அங்கே போங்கள். பாடுகிறவரின் கழுத்து நரம்பு தெரிகிற தூரத்தில் நின்று கேட்டால்தான் இந்த இசை பிடிபடும்.

இப்படி வாசிக்கிற குழுக்களைக் கவர் பேண்ட் என்பார்கள். மற்றவர்கள் பாடிப் பிரபலமான பாடல்களை மேடையில் பாடுகிறவர்கள். நம்மூர்த் திருவிழாவில் ராத்திரி பத்து மணிக்கு மேல் களைகட்டும் லைட் மியூசிக்கை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். துண்டுச் சீட்டில் பாட்டுப் பெயர் எழுதிக் கொடுப்பது உட்பட எல்லாம் இங்கேயும் உண்டு.

‘அடுத்தவர் பாட்டைத்தானே பாடுகிறார்கள்’ என்று குறைவாக எண்ண வேண்டாம். டெக்சாஸ்காரர்கள் உயிராக நினைக்கும் ‘அமரில்லோ பை மார்னிங்’ பாடல் 1973-லேயே டெரி ஸ்டாஃபர்ட் பாடி வெளிவந்தது. பத்து வருடம் கழித்து ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட் பாடியபோதுதான் அது ஊர்ப் பாட்டாக மாறியது. ‘டென்னசி விஸ்கி’யும் அப்படித்தான்: 1981-ல் டேவிட் ஆலன் கோ, 1983-ல் ஜார்ஜ் ஜோன்ஸ், 2015-ல் கிறிஸ் ஸ்டேபிள்டன். பாட்டு கைமாறிக் கைமாறி வளர்வது இந்த இசையின் இயல்பு. ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட்டே 1975-ல் சான் மார்கோஸ் ஊரில், ஏஸ் இன் த ஹோல் என்ற கல்லூரிப் பையன்களின் குழுவில் பாடகராகத்தான் தொடங்கினார். முதல் இசைத்தட்டு வர இன்னும் ஆறு வருடம் ஆயிற்று. அதுவரை பார்களும் நடனக் கூடங்களும்தான்.

எங்கே போவது

டெக்சாஸில் இந்த இசை நடக்கும் இடங்கள் பொதுவாக மூன்று வகை. ஹாங்கி டாங்க் என்பது மது, மேடை, ஆடத் தரை மூன்றும் உள்ள பார். ஆஸ்டினில் 1964 முதல் நடக்கும் ப்ரோக்கன் ஸ்போக் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டான்ஸ் ஹால் அதைவிடப் பழசு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய ஜெர்மானியரும் செக் மக்களும் கட்டிய மரக் கூடங்கள் இன்றும் நிற்கின்றன. நியூ பிரான்ஃபல்ஸ் ஊரை ஒட்டிய க்ரீன் ஹால் 1878-ல் கட்டியது. ஏசி கிடையாது, பக்கவாட்டுப் பலகைகளைத் தூக்கிவிட்டால் காற்று வரும். மூன்றாவது வகை, நம் வீட்டருகே இருக்கும் சாதாரண பார் அல்லது பார்பிக்யூ கடை. வாரத்தில் இரண்டு நாள் மூலையில் ஒரு சின்ன மேடை போட்டிருப்பார்கள்.

ஃபோர்ட் வொர்த்தில் பில்லி பாப்ஸ் என்றொரு இடம் உண்டு. 1981-ல் திறந்தது, உலகின் மிகப் பெரிய ஹாங்கி டாங்க் என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிறது. ஒருநாள் பார்க்க வேண்டியதுதான். ஆனால் முதல் முறைக்கு மூன்றாவது வகையையே நான் சிபாரிசு செய்வேன். கூட்டம் குறைவு, மேடை பக்கம், செலவு கம்மி, பிடிக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம்.

தேடுவது எளிது. உங்கள் ஊர்ப் பெயரோடு ‘லைவ் கன்ட்ரி மியூசிக்’ என்று தேடி, அந்த பாரின் இன்ஸ்டாகிராம் அல்லது ஃபேஸ்புக் பக்கத்தில் இந்த வார நிகழ்ச்சிப் பட்டியலைப் பாருங்கள். மூன்று விஷயம் கவனியுங்கள். ‘நோ கவர்’ என்றால் நுழைவுக் கட்டணம் இல்லை. கவர் சார்ஜ் என்று போட்டிருந்தால் வாசலில் பத்து, பதினைந்து டாலர் வாங்குவார்கள். ‘ட்வென்டி ஒன் ப்ளஸ்’ என்றால் 21 வயது நிரம்பாதவருக்கு அனுமதி இல்லை. ‘ஆல் ஏஜஸ்’ என்றால் குழந்தைகளையும் கூட்டிப் போகலாம். டான்ஸ் ஹால்களில் தாத்தாவும் பேத்தியும் ஆடுவது வெகு சாதாரணம். அப்புறம், நிகழ்ச்சியில் ‘அகூஸ்டிக்’ என்று இருந்தால் ஒருவரோ இருவரோ கிதாரோடு உட்கார்ந்து பாடுவார்கள். முழுக் குழு வேண்டுமென்றால் ‘ஃபுல் பேண்ட்’ என்று இருக்கிற நாளைத் தேர்ந்தெடுங்கள்.

சனிக்கிழமையைத் தவிருங்கள். புதன், வியாழனில் இசைக்காகவும் ஆட்டத்துக்காகவும் வருகிறவர்கள்தான் இருப்பார்கள். குழுவும் கொஞ்சம் சாவகாசமாக, தனக்குப் பிடித்ததை வாசிக்கும்.

போகுமுன் நாலு பாட்டு

பாட்டுத் தெரியாமல் போனால் முதல் ஒரு மணி நேரம் எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கும். மேலே சொன்ன இரண்டோடு, ஜானி கேஷின் ‘ஃபோல்சம் ப்ரிசன் ப்ளூஸ்’, டாலி பார்ட்டனின் ‘ஜோலீன்’ இரண்டையும் ஒரு வாரம் காரில் கேளுங்கள். இந்த நாலில் ஒன்றிரண்டாவது அன்று ராத்திரி வந்தே தீரும். ஏற்கெனவே தெரிந்த பாட்டு இந்தக் குழுவின் கையில் எப்படி மாறுகிறது என்று கவனிக்கும்போதுதான் கேட்கிற சுகம் கூடும். இது ஒன்றும் கட்டாயமில்லை, ஆனால் செய்தால் பலன் கண்கூடாகத் தெரியும்.

கையில் என்ன, காலில் என்ன

அடையாள அட்டை அசலாக வேண்டும். அமெரிக்க ஓட்டுநர் உரிமம் இருந்தால் போதும். புதிதாக வந்தவர்கள் பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள். போனில் இருக்கும் படத்தைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். தலை நரைத்திருந்தாலும் கேட்பார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகளாக ஒரு முப்பது டாலர் வைத்துக்கொள்ளுங்கள். எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

உடைக்கு அலட்டிக்கொள்ளாதீர்கள். ஜீன்ஸ், முழுக்கைச் சட்டை அல்லது டி-ஷர்ட் போதும். தொப்பியும் பூட்ஸும் இல்லாமல் வருகிறவர்கள் நிறையப் பேர். ஆடலாம் என்று எண்ணம் இருந்தால் மட்டும் காலணியில் கவனம் வேண்டும்: ரப்பர் அடிப்பாகம் உள்ள ஓட்டப் பயிற்சி ஷூ தரையைப் பிடித்துக்கொள்ளும், திரும்பும்போது முட்டியில் வலி வரும். தோல் அடிப்பாகம் உள்ள பழைய ஆபீஸ் ஷூவே மேல்.

மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சுபோன்ற காதடைப்பான் ஒரு ஜோடி எடுத்துப் போவதில் வெட்கமில்லை. 100 டெசிபல் ஒலியில் பாதுகாப்பாக இருக்கக்கூடிய நேரம் பதினைந்து நிமிடம்தான் என்று அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நியோஷ் சொல்கிறது. சின்ன அறையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் அந்த அளவு சர்வ சாதாரணமாக வரும். காதடைப்பான் போட்டாலும் பாட்டு நன்றாகவே கேட்கும்.

இனி வண்டி. இதை அழுத்திச் சொல்கிறேன். குடிப்பதாக இருந்தால் கார் எடுத்துப் போகாதீர்கள், ஒரு பியர்தானே என்று நினைக்காதீர்கள். டெக்சாஸில் ரத்த ஆல்கஹால் 0.08 சதவீதம் என்பது சட்ட எல்லை. ஓட்டும் நிதானம் தவறியதாக போலீஸ்காரர் முடிவு செய்தால் அதற்குக் கீழே இருந்தாலும் கைது செய்யலாம். விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு அபாயம் உண்டு. 2015 முதல், குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானாலே, வழக்கு முடிவதற்கு முன்பே, வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்ய முடியும். அதன்பின் ஊருக்குப் போனால் புது விசா வாங்கித்தான் திரும்பி வர வேண்டும். பதினைந்து டாலர் ஊபரை மிச்சம் பிடிக்கப் போய் இதில் மாட்ட வேண்டாம். குடிக்காத நண்பர் ஒருவர் ஓட்டினால் இன்னும் நல்லது.

வாசலும் கவுன்ட்டரும்

பல பார்களின் வாசலில் ‘51’ என்று பெரிய சிவப்பு எண் போட்ட பலகை இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்புவார்கள். வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ மதுவிலிருந்து வரும் இடம், உள்ளே துப்பாக்கி கொண்டு வரக் கூடாது என்பது அதன் பொருள்.

வாசலில் நிற்பவர் அட்டையைப் பார்த்துவிட்டுக் கையில் முத்திரை குத்துவார் அல்லது காகிதப் பட்டை கட்டுவார். உள்ளே போனதும் நேராகக் கவுன்ட்டருக்குப் போய் ஏதாவது வாங்குங்கள். மது வேண்டாம் என்றால் கோக், எலுமிச்சை பிழிந்த சோடா எதுவும் கேட்கலாம். யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். உள்ளூர் பியர் ருசி பார்க்க நினைப்பவர்களுக்கு ஷைனர் என்ற ஊரில் 1909-ல் தொடங்கிய ஆலையின் ஷைனர் பாக் இருக்கிறது. கார்டைக் கொடுத்தால் ‘ஓப்பன் ஆர் க்ளோஸ்?’ என்பார்கள். ஓப்பன் என்றால் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும், கிளம்பும்போது மறக்காமல் முடிக்க வேண்டும். ஒவ்வொரு பானத்துக்கும் ஒன்றிரண்டு டாலர் டிப்ஸ் வையுங்கள்.

சாப்பாட்டில் நம்மவர்கள் ஏமாறும் இடங்கள் சில உண்டு. ‘சிக்கன் ஃப்ரைட் ஸ்டேக்’ என்பதில் கோழி இல்லை. மாட்டிறைச்சியை மாவில் தோய்த்துப் பொரித்து மேலே வெள்ளைக் குழம்பு ஊற்றியது. ‘சில்லி’ என்றால் மிளகாய் என்று நினைத்து வாங்காதீர்கள், டெக்சாஸ் சில்லி முழுக்க மாட்டிறைச்சி. பீன்ஸை எந்தக் கொழுப்பில் சமைத்தார்கள் என்று கேட்டே வாங்குங்கள், பன்றிக் கொழுப்போ பன்றித் துண்டோ போடுவது வழக்கம். சைவர்களுக்கு வெண்டைக்காய் வறுவல் கிடைத்தால் அதிர்ஷ்டம். சோளமாவில் புரட்டிப் பொரித்திருப்பார்கள், கொஞ்சம் உப்பும் காரச் சாஸும் சேர்த்தால் அருமை. எண்ணெய்ச் சட்டி தனியா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

உட்காரும் இடம்: மேடைக்குப் பக்கவாட்டில், ஆடும் தரையின் ஓரமாக. மேடைக்கு நேர் எதிரே ஆடுகிறவர்கள் மறைப்பார்கள், ஸ்பீக்கரும் நேராகக் காதில் அறையும். முக்கியமாக, ஸ்டீல் கிதார்காரர் இருக்கும் பக்கம் உட்காருங்கள். ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

கேட்பது எப்படி

கன்ட்ரி இசைக்கு அந்த அழுகுரல் எங்கிருந்து வருகிறது என்று பலருக்குத் தெரியாது. பாடகரிடமிருந்து வருவதாக நினைப்பார்கள். பாதி வருவது பெடல் ஸ்டீல் கிதாரிலிருந்து. பார்க்க இஸ்திரி மேசை போல நாலு காலில் நிற்கும். வாசிப்பவர் அதன் முன் உட்கார்ந்திருப்பார். பத்துத் தந்திகள். சாதாரண கிதாரில் இருக்கும் உலோகக் கட்டைகள் இதில் இல்லை, இடம் காட்ட வெறும் கோடுகள்தான். இடது கையில் உருண்டையான எஃகுத் துண்டு ஒன்றைத் தந்திகளின் மேல் நகர்த்துவார். வலது கையில் கட்டை விரலுக்கும் மற்ற விரல்களுக்கும் கவசம் மாட்டி மீட்டுவார். மேசைக்குக் கீழே பாருங்கள்: இடது கால் பெடல்களை மிதிக்கும், வலது கால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும், இரண்டு முட்டிகளும் நெம்புகோல்களை இடமும் வலமும் தள்ளும். பெடலை மிதித்தால் எல்லாத் தந்தியும் மாறாது. ஒன்றோ இரண்டோ மட்டும் மேலேறும், மற்றவை அப்படியே நிற்கும். நிற்கிற சுரத்தோடு நகர்கிற சுரம் உரசிக்கொண்டு போய்ச் சேரும் அந்த வினாடியில்தான் நெஞ்சைப் பிசைகிறது. கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடித்துப்போகும். மெதுவான பாட்டு ஒன்றில் வேறெதையும் பார்க்காமல் ஐந்து நிமிடம் அவருடைய கைகால்களை மட்டும் பாருங்கள்.

இந்த வாத்தியத்தின் மூலம் ஹவாய்த் தீவு. கன்ட்ரி குழுக்களில் வரும் இன்னொரு தந்தி வாத்தியமான பாஞ்சோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாத்தியத்திலிருந்து வந்தது. ஃபிடில் என்று இவர்கள் சொல்வது நம் கச்சேரி மேடையில் இருக்கும் அதே வயலின்தான்; நம்மவர்கள் தரையில் உட்கார்ந்து பாதத்தில் ஊன்றி வாசிப்பதை இவர்கள் நின்றபடி தோளில் வைத்து வாசிக்கிறார்கள். ‘இது வெள்ளைக்காரர்களின் இசை, நமக்கென்ன’ என்று ஒதுங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்து, குழுத் தலைவரின் கையைக் கவனியுங்கள். பாட்டு நடுவில் ஒரு விரல், நாலு விரல், ஐந்து விரல் என்று முதுகுக்குப் பின்னால் காட்டுவார். கன்ட்ரி இசையின் தலைநகர் எனப்படும் நாஷ்வில் நகரின் பெயரால், நாஷ்வில் எண் முறை என்று இதற்குப் பெயர். 1950-களின் பிற்பகுதியில் ஜார்டனேர்ஸ் என்ற பாடகர் குழுவின் நீல் மேத்யூஸ் தன் குழுவுக்காக உருவாக்கியது. பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் ‘கார்ட்’களுக்கு (chord) எழுத்துப் பெயர் சொல்லாமல், ஆதார சுரத்தை ஒன்று என்று வைத்து எண்ணால் சொல்வார்கள். பாடகருக்குத் தொண்டை சரியில்லை என்று சுருதியைக் கீழே இறக்கினாலும் எண்கள் மாறாது. அதனால்தான் அன்று காலையில் போன் போட்டு அழைத்த புது பாஸ் கிதார்காரர்கூட, ஒத்திகையே இல்லாமல் ராத்திரி நாற்பது பாட்டு வாசிக்க முடிகிறது. யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள், தனி வாசிப்பு அடுத்து யாருக்கு என்று கண்ணாலேயே எப்படி ஒப்படைக்கிறார்கள் என்று கவனித்தால் நேரம் போவதே தெரியாது. இசைத்தட்டில் இதெல்லாம் கிடைக்காது.

வழக்கமாக முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு இடைவேளை விடுவார்கள். முதல் பகுதியை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒலி சரிசெய்யவும் விரல் சூடாகவும் அது போய்விடும். இரண்டாம் பகுதிதான் சிறந்தது. அதற்கு முன் கிளம்பாதீர்கள்.

டிப்ஸும் விருப்பப் பாட்டும்

மேடை ஓரத்தில் ஒரு வாளியோ கண்ணாடி ஜாடியோ இருக்கும்; பக்கத்தில் பணம் அனுப்பும் செயலியான வென்மோவின் க்யூஆர் கோடு ஒட்டியிருப்பார்கள். அந்த முப்பது டாலர் இதற்குத்தான். பாரில் கொடுக்கும் சம்பளத்தை நாலைந்து பேர் பிரித்தால் பெட்ரோலுக்கும் கிதார் தந்திக்கும் சரியாகப் போகும். நுழைவுக் கட்டணம் இல்லாத இடத்தில் ஆளுக்குப் பத்து டாலராவது போடுவது நியாயம். பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் போய்ப் போட்டு, பாடகரைப் பார்த்துத் தலையசைத்தால் போதும்.

விருப்பப் பாட்டு கேட்பதானால் காகிதத்தில் எழுதி, மடித்த ஐந்து அல்லது பத்து டாலரோடு கொடுங்கள். நாஷ்விலின் பிராட்வே தெருவில் இருபது டாலர்தான் வழக்கம். அங்கே குழுக்கள் டிப்ஸை நம்பியே பிழைக்கின்றன. பாட்டு நடக்கும்போது பாடகரின் காதில் கத்தாதீர்கள். தெரியாது என்று சொன்னால் பணத்தைத் திரும்பக் கேட்காதீர்கள். தமிழ்ப் பாட்டோ ராக் பாட்டோ கேட்காதீர்கள். எதைக் கேட்பது என்று தெரியாவிட்டால், ‘உங்களுக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்று’ என்று எழுதிக் கொடுங்கள். அன்றைய ராத்திரியின் நல்ல பாட்டு பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும்.

பாட்டு எழுதியவருக்கு என்ன கிடைக்கிறது என்று சிலர் கேட்பார்கள். பிஎம்ஐ, அஸ்கேப் போன்ற அமைப்புகளுக்கு பார் உரிமையாளர் ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும். அங்கிருந்து பாடலாசிரியர்களுக்குப் பங்கு போகும்.

ஆடும் தரை

ஆடத் தெரியாவிட்டால் முதல் நாள் ஓரத்தில் நின்று பாருங்கள். ஆனால் ஒரு விதியைத் தெரிந்துகொண்டே நில்லுங்கள்: ஜோடிகள் எல்லாரும் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் தரையைச் சுற்றி வருவார்கள். வேகமாகப் போகிறவர்கள் வெளி வட்டம், மெதுவாகப் போகிறவர்கள் உள் வட்டம். வரிசையாக நின்று ஆடும் லைன் டான்ஸ் நடுவில். பியர் கோப்பையோடு தரையின் குறுக்கே நடக்கக் கூடாது. பலருக்கு இது தெரியாமல் முதல் நாளே யாராவது ஒருவர் தோளில் இடித்துக்கொள்வார்கள்.

அடிப்படை ஆட்டம் டூ-ஸ்டெப். வேகம், வேகம், மெது, மெது, அவ்வளவுதான் கணக்கு. நடத்துகிறவர் இடது காலில் தொடங்கி முன்னே நடப்பார், துணைவர் வலது காலில் தொடங்கிப் பின்னே போவார். குதிக்க வேண்டாம், கால் தரையைத் தடவிக்கொண்டே போக வேண்டும். பல இடங்களில் குழு ஏறுவதற்கு முன்பு ஒரு மணி நேரம் பாடம் நடத்துவார்கள். ப்ரோக்கன் ஸ்போக்கில் இது நெடுநாள் வழக்கம். கணவன் மனைவியாகப் போகிறவர்கள் அதில் சேர்வது நல்லது. வீட்டு ஹாலில் யூடியூப் பார்த்துப் பழகுவதைவிட அந்த ஒரு மணி நேரம் உபயோகம்.

முன்பின் தெரியாதவர் வந்து ஆட அழைக்கலாம். இங்கே அது ஒரு பாட்டுக்கான மரியாதை, அதற்கு மேல் ஒன்றுமில்லை. வேண்டாமென்றால் சிரித்து ‘நோ, தேங்க் யூ’ சொன்னால் விட்டுவிடுவார்கள். விடாமல் தொந்தரவு செய்தால் கவுன்ட்டரில் இருப்பவரிடம் சொல்லுங்கள், உடனே கவனிப்பார்கள். ‘காட்டன் ஐட் ஜோ’ தொடங்கினால் எல்லாரும் தோளோடு தோள் கோத்து வண்டிச் சக்கரத்து ஆரங்கள் போல வரிசை வரிசையாகச் சுற்றுவார்கள். நடுவில் ஒரு வசவுச் சொல்லைக் கூட்டமாகக் கத்துவார்கள், பயந்துவிடாதீர்கள். இழுத்துச் சேர்த்துக்கொண்டால் போய்ச் சேருங்கள்.

இடைவேளையில்

நம் முகங்களே இல்லாத கூட்டத்தில் தனியாகத் தெரிவோமோ என்ற தயக்கம் நியாயமானது. சில இடங்களில் முதல் பத்து நிமிடம் நாலு பேர் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள். பாட்டுக்குக் கைதட்ட ஆரம்பித்ததும் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராத இடம் என்று உள்மனம் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், வேறு இடம் ஆயிரம் இருக்கிறது. முதல் முறை இரண்டு மூன்று பேராகப் போனால் இந்தக் கவலை குறையும்.

இடைவேளையில் வாத்தியக்காரர்கள் கூட்டத்துக்குள்தான் வந்து நிற்பார்கள். போய்ப் பேசுங்கள். ‘நல்லா இருந்தது’ என்பதோடு நிறுத்தாமல், குறிப்பாக ஒன்றைச் சொல்லுங்கள்: அந்த மூன்றாவது பாட்டில் ஸ்டீல் வாசித்தது பிடித்தது, ஃபிடில் எங்கே கற்றீர்கள், இந்த மாதிரி. ‘எங்கள் ஊரிலும் வயலின் உண்டு, உட்கார்ந்து வாசிப்போம்’ என்று சொன்னால் ஃபிடில்காரர் அடுத்த பத்து நிமிடம் உங்களை விட மாட்டார். அவர்கள் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளூர் வாத்தியக்காரர்கள் ஒரே குழுவில் இருப்பதில்லை. வியாழன் ஒரு குழு, வெள்ளி வேறொன்று, ஞாயிறு மதியம் இன்னொன்று என்று சுற்றுவார்கள். நல்ல ஸ்டீல்காரர் ஒருவரை இன்ஸ்டாகிராமில் பின்தொடர்ந்தால், அடுத்து எந்த பாருக்குப் போவது என்று நீங்கள் தேட வேண்டியதே இருக்காது.

பெரிய நகரங்களில் மது விற்பனை இரவு 2 மணிக்கு நின்றுவிடும்; கூட்டம் மொத்தமும் அப்போது வெளியே வரும், ஊபர் விலை எகிறும். கடைசிப் பகுதியில் நாலைந்து பாட்டு இருக்கும்போதே கணக்கை முடித்து, கார்டைத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நிம்மதியாக நின்று கேட்கலாம்.